ஒரே குத்து

உக்காருங்க தம்பி. சட்டைக் கையை இறக்கி விட்டுக்குங்க, இப்பவே நீட்ட வேண்டாம். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு உங்களுக்கு. ஊசின்னா பயம்தானே? இதுல வெக்கப்பட என்ன இருக்கு. முறுக்கு மீசை வச்ச போலீஸ்காரரே இந்த நாற்காலியில கண்ணு சொருகி விழுந்திருக்காரு. கொஞ்சம் ஆசுவாசமா இருங்க. வெறும் வயித்துல வந்த கூட்டமெல்லாம் குத்திக்கிட்டு இட்லி சாப்பிடப் போயாச்சு. நானும் விடியக்காலையில இருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கேன். நீங்க உக்காந்தாத்தான் நானும் உக்கார முடியும். கால் ரெண்டும் என்னோடது மாதிரியே இல்ல.

என் கையில ஒரே குத்துதான், பயப்படாதீங்க. இந்தக் குளித்தலையில யாரை வேணா கேட்டுப் பாருங்க. தனபாக்கியம் அக்கா ரெண்டாவது தடவை குத்துச்சுன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. கைப்புள்ளைக்கும் ஒரே குத்து. எண்பது வயசுக் கிழவிக்கு நரம்பு நூலாட்டம் இருக்கும், அதுக்கும் ஒரே குத்து. அக்கா இருக்காங்களான்னு வாசல்லயே கேட்டுட்டு, நான் லீவுன்னா திரும்பிப் போறவங்க இருக்காங்க.

ஊரே கையை நீட்டுது. எங்க வீட்டுக்காரர் மட்டும் நீட்ட மாட்டேங்கிறார்.

சிரிக்காதீங்க. சிரிச்சீங்கன்னா சரி, முகத்துல கொஞ்சம் ரத்தம் வருது. ஆனா இது சிரிக்கிற விஷயம் இல்ல தம்பி. நாலு மாசமா எங்க வீட்ல இதான் நடக்குது. வெளிய சொன்னா மானக்கேடு. நீங்க வெளியூர்னு பேச்சுலயே தெரியுது, பேங்குக்கு மாத்தலாகி வந்தவர்தானே. உங்ககிட்ட சொன்னா ஊருக்குள்ள பரவாது. அதான் சொல்றேன்.

அவர் வாழைக்காய் மண்டியில ஏலம் கூறுறவர். பேரு நான் சொல்ல மாட்டேன், எங்க பக்கம் அப்படி. ரத்தம் புடிக்கிற ட்யூப்ல மட்டும் எழுதுவேன். மண்டியில போய் ஏலக்காரர்னு கேட்டா சின்னப் புள்ளை கூட காட்டும். பூவன் தார் வந்து இறங்கினா இவர் தொண்டை தொறந்தாத்தான் யாவாரமே தொடங்கும். தொட்டியத்துல இருந்து தார் கொண்டாற சம்சாரிங்க இவர் வந்தாச்சான்னு பாத்துட்டுத்தான் வண்டியை அவுப்பாங்க. ஒத்தை ஆளா நூறு பேர் சத்தத்தை அடக்கிடுவார். வீட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டார், அது வேற.

என்னை இந்த வேலைக்குப் படிக்க வச்சதே அவர்தான். நான் அப்ப சத்துணவுக்கூடத்துல உதவியாளா இருந்தேன், தற்காலிகம். சோறு போடுறது, சாம்பார் ஊத்துறது. ஒரு புள்ளைக்குக் கூடுதல், இன்னொரு புள்ளைக்குக் கம்மின்னு இருக்கக் கூடாது, அதுல நான் கறார். தட்டைப் பாத்தே சொல்லிடுவேன், எதுல அரைக் கரண்டி குறையுதுன்னு. நல்லாத்தான் போச்சு. திடீர்னு நிரந்தர ஆள் போட்டாச்சு, நீ வர வேண்டாம்னுட்டாங்க. ஒரு வாரம் அழுதுக்கிட்டுக் கெடந்தேன். இவர்தான் எங்கயோ விசாரிச்சுட்டு வந்து, திருச்சியில ரத்தம் எடுக்கிறதுக்குப் படிப்பு இருக்காம், நீ பத்தாவது பாஸ் பண்ணவதானேன்னார். பிள்ளை பெத்து வளத்து முடிச்ச வயசுல நான் பை மாட்டிக்கிட்டுப் போறேன். காலையில மண்டிக்குப் போற வழியில என்னை பஸ் ஏத்தி விட்டுட்டுத்தான் போவார். கூடப் படிச்சதெல்லாம் என் மக வயசுப் புள்ளைங்க. ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்பிட்டே என்னைக் கெழவி ஆக்கிட்டாளுங்க.

செருப்புக்கடை மாடியில கிளாசு. அங்க ஒரு ரப்பர் கை இருக்கும். ஒண்ணே ஒண்ணு. அதுல செவப்புத் தண்ணி ஊத்தி வச்சிருப்பாங்க, அதைக் குத்திப் பழகணும். அத்தனை பேரும் குத்திக் குத்தி அது சல்லடையாப் போச்சு. எங்க குத்தினாலும் ஒழுகும். நரம்புல குத்துனோமா, பக்கத்துல குத்துனோமான்னே தெரியாது. ஜெபராணின்னு ஒரு மேடம்தான் பாடம் எடுத்தாங்க. ரொம்ப ரூல் பேசும் அந்தம்மா. கையில பட்டையை இறுக்கிக் கட்டி வச்சுட்டு வேடிக்கை பாக்காதே. பேரைக் கேட்காம பேரை எழுதாதே. ஒரு ட்யூப்ல விழுந்த ரத்தத்தை இன்னொரு ட்யூப்ல ஊத்தாதே. இதை ஒரு நாளைக்கு பத்து தடவை சொல்லும். இது என்ன, வீட்டுப் பாத்திரத்துல எச்சில் பட்டா ஆகாதுங்கிற மாதிரி இருக்கேன்னு நான் நெனச்சுக்குவேன். ஒரே ஆளோட ரத்தம்தானே.

ரப்பர் கையில பழகுனது பாதி கூட இல்ல. நான் பழகுனது எங்க வீட்டுக்காரர் கையில.

ஆமா. அவரா நீட்டுனார். நான் ஒண்ணும் கேக்கல. மண்டியில இருந்து வந்து, குளிச்சுட்டு, பனியனோட உக்காந்து, இந்தா பாக்கியம், எடுன்னு கையை என் மடியில வச்சார். தார் தூக்கித் தூக்கி அந்தக் காலத்துல நரம்பு ஒவ்வொண்ணும் கயிறு மாதிரி நிக்கும். எனக்குத்தான் பழக்கம் இல்ல. மொத நாள் குத்துனேன், வரல. தள்ளிக் குத்துனேன், வரல. ஊதா நிறத்துல வீங்கிப் போச்சு. மறுநாள் சாயங்காலமும் வந்து அதே மாதிரி உக்காந்தார். மண்டியில எல்லாரும் கேலி பண்ணியிருக்காங்க, என்ன அண்ணே, வீட்ல அடியான்னு. ஆமாம்பா, எம் பொண்டாட்டி பாஸ் ஆகணும்ல, அதான் வாங்கிக்கிறேன்னு சொன்னாராம். 

அந்த ஒரே குத்து எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க. அவர் கையில இருந்துதான் வந்துச்சு. இனிமே ஒருத்தரையும் ரெண்டு தடவை நோக அடிக்க மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

தண்ணி குடிங்க. மெதுவா, மெதுவா.

அப்புறம் அவருக்கு சர்க்கரை வந்துச்சு. சர்க்கரை வந்தா பின்னாலயே கிட்னி. திருச்சி டாக்டர்கிட்டக் காட்டினோம். ரொம்ப மோசமில்ல, மாசாமாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணிக் கொண்டாங்கன்னார். எடுக்கிறதுக்கு வீட்லயே ஆள் இருக்கே, அப்புறம் என்ன. காலைல பல் விளக்கினதும் நானே எடுத்து, இங்க கொண்டாந்து மெஷின்ல குடுத்துடுவேன். ரிப்போர்ட்டை மட்டும் டாக்டருக்கு அனுப்புவோம். வந்த ரிப்போர்ட்டுல எல்லாம் சுமாரா இருக்கும், பொட்டாசியம் மட்டும் தூக்கி நிக்கும். அது ஒரு உப்பு தம்பி. கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது கூடுச்சுன்னா நெஞ்சு பொசுக்குன்னு நின்னுடுமாம். டாக்டர் போன்லயே பதறிட்டார்.

அன்னிக்குப் புடிச்சது பத்தியம். வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடாது. கீரை கூடாது, தக்காளி கூடாது, காப்பி கூடாது. காயை நறுக்கி ராத்திரியே தண்ணியில போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, வேக வச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டிட்டுப் போடணும். அதுல என்ன ருசி இருக்கும், ஈரத் துணியை மென்ன மாதிரி இருக்கும். கூடவே ஒரு பொடி, தண்ணியில கலக்கிக் குடிக்கணும். மணல் மாதிரி இருக்கும் அது. முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடிச்சுடுவார். வாழை மண்டியிலயே பொறந்து வளந்த மனுஷன் தம்பி. ரெண்டு வருஷம் ஒரு பழம் தொடல. நான் விடுவேனா.

மண்டிக்கும் போக வேண்டாம்னுட்டேன். டாக்டர் சொல்லல, நான்தான் சொன்னேன். அடிவயித்துல இருந்து கத்துற வேலை. கத்துறப்ப நெஞ்சு நின்னுட்டா? ராத்திரியெல்லாம் அவர் மூக்குல வெரலை வச்சுப் பாத்துக்கிட்டுக் கெடந்தவ நான். மூச்சு வருதா, வருதான்னு. பகல்ல இங்க நின்னு ஊருக்கெல்லாம் குத்திட்டு, ராத்திரி அவருக்குக் காவல். அவர் மொதல்ல மொரண்டு பண்ணினார். பொட்டாசியம் ரிப்போர்ட்டை எடுத்து முகத்துக்கு முன்னால நீட்டினேன், பேசாம உக்காந்துட்டார். அப்புறம் வாசல்ல நாற்காலி போட்டு, போற வர்ற தார் வண்டியை எண்ணிக்கிட்டே இருப்பார். எவன் ஏலம் கூறுறான் இப்பன்னு கேப்பார். யாரோ ஒருத்தன்னு சொல்லிடுவேன்.

மெஷின் மேல எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்க லேப்ல பொட்டாசியம் எப்பவுமே தூக்கித்தான் வரும். இவருக்கு மட்டும் இல்ல, ஊர்ல பாதிப் பேருக்கு. எங்க முதலாளியே கேலி பண்ணுவார், ஏம்மா, நீ லீவு போட்ட அன்னிக்கெல்லாம் மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதேன்னு. நானும் சிரிச்சுக்குவேன். மெஷினுக்கு என்ன தெரியும், ஆள் வந்திருக்கா இல்லையான்னு.

இந்தச் சித்திரையில எனக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட அவர் தனியாப் போனார். இந்த மாச ரிப்போர்ட் எங்கன்னு கேட்டிருக்கார் டாக்டர். வீட்ல அதுக்கு உடம்பு முடியல, எடுக்கலன்னிருக்கார். அப்ப இங்கயே குடுங்கன்னு கீழ இருக்கிற அவங்க லேபுக்கு அனுப்பிட்டார். அங்க நஸ்ரின்னு ஒரு சின்னப் பொண்ணு எடுத்திருக்கு. அவர் கை இப்ப முன்ன மாதிரி இல்ல, நரம்பெல்லாம் உள்ள போயிடுச்சு. மூணு தடவை குத்தியிருக்கு. எடுத்து, மெஷின்ல போட்டா, பொட்டாசியம் நார்மல்.

டாக்டருக்கு நம்பிக்கை வரல. மறுநாள் திரும்ப வரச் சொல்லி எடுத்தார். அன்னிக்கும் நார்மல்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. காய்ச்சலோட எந்திரிச்சு சாமிக்கு வெளக்கேத்துனேன். ரெண்டு வருஷம் நான் காய் வேக வச்சுத் தண்ணியைக் கொட்டுனது வீண் போகல பாருன்னேன். அவர் மறுநாள் கடைக்குப் போய் ஒரு சீப்பு பூவன் வாங்கிட்டு வந்து, என் எதிர்லயே உக்காந்து ஒவ்வொண்ணா உரிச்சுச் சாப்பிட்டார். நான் கத்துறேன், ஏறிடும் ஏறிடும்னு. ஏறல. அடுத்த மாசம் அங்க எடுத்தப்பவும் நார்மல்தான். அது எப்படின்னு எனக்குத் தெரியல. சில பேர் உடம்பு அப்படி.

மண்டிக்கும் போயிட்டார். ஆனா இவர் இடத்துல வேற ஆள் நிக்கிறான். ரெண்டு வருஷம் யாருக்காகக் காத்திருப்பாங்க. இப்ப இவர் ஒரு ஓரமா உக்காந்து தாருக்கு விலைச் சீட்டுக் கட்டிக்கிட்டு இருக்கார். அந்தப் பய ஏலம் கூறுறதைக் கேட்டுக்கிட்டே கட்டுவார்.

அதுக்கப்புறம்தான் தம்பி அந்தக் காலை. நான் எப்பவும் போல பட்டை, பஞ்சு, ஊசி எல்லாம் எடுத்து வச்சுட்டு கூப்பிடுறேன். வந்து நின்னார். சட்டைக் கையை மடக்குவார்னு பாத்தா, இறக்கி விட்டு பட்டனைப் போடுறார்.

"வேண்டாம் பாக்கியம். நான் திருச்சியிலயே குடுத்துக்கிறேன்."

"ஏன், நான் குத்துனா வலிக்குதா?"

"வலிக்கல."

"அந்தப் புள்ள மூணு தடவை குத்துச்சு உங்களை."

"ஆமா, மூணு தடவை குத்துச்சு."

"பின்ன என்ன?"

வாசல்ல கெடந்த அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரமா ஒதுக்கி வச்சார். "ரெண்டு வருஷம் பாக்கியம்"னார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டார். ரெண்டு வருஷமா நான் அவரைப் பாத்துக்கிட்டேன்ல, அதை நெனைச்சுத்தான் சொல்றார் போலன்னு இருந்தேன். அப்படின்னா சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை நல்லதாப் பேசணும்ல. பேசல.

பொறுக்க முடியாம நானே திருச்சிக்குப் போய் அந்த நஸ்ரினைப் பாத்துட்டேன். சண்டை போடத்தான் போனேன். என் புருஷனுக்கு நீ என்ன சொல்லிக் குடுத்தேன்னு கேக்கத்தான் போனேன். அது என்னமோ நல்ல புள்ளையா இருந்துச்சு. உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்துச்சு. அக்கா, நீங்க எப்படி எடுப்பீங்க, சொல்லுங்கன்னுச்சு. சொன்னேன். ஊசியில எடுத்துக்குவேன், மொதல்ல ஊதா மூடி ட்யூப், அப்புறம் செவப்பு மூடி ட்யூப். நரம்பு சரியா குடுக்கலன்னா செவப்புல குறையும். அப்ப ஊதாவுல இருக்கிறதுல கொஞ்சம் எடுத்து செவப்புல ஊத்தி ரெண்டையும் சமமாக்கிடுவேன். பாவம், இன்னொரு தடவை எதுக்குக் குத்தணும்.

அந்தப் புள்ள டீயைக் கீழ வச்சுடுச்சு. "அக்கா, ஊதா ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து பூசியிருக்குல்ல. அந்த மருந்துலயே பொட்டாசியம்தான் இருக்கு. அதுல இருந்து ஒரு துளி செவப்புல விழுந்தாக் கூட ரிப்போர்ட்டு ஏறிடும்"னுச்சு. மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி சொல்லுச்சு.

நேத்து முளைச்சது. பொட்டாசியம்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்குது. ஒரு துளியில என்ன தம்பி வந்துடும். ஒரு அண்டா சாம்பார்ல ஒரு சிட்டிகை உப்பு கூடுனா எந்தப் புள்ளையாவது கண்டுபுடிக்குமா. இத்தனை பேருக்கு எடுத்திருக்கேன், இத்தனை வருஷம். அப்படின்னா அத்தனை பேரும்... அது எப்படி. அது இருக்காது. எழுந்து வந்துட்டேன். பஸ்ல உக்கார இடம் இருந்துச்சு, நான் நின்னுக்கிட்டே வந்தேன்.

இதை அவர்கிட்டயும் சொல்லியிருக்கும் அந்தப் புள்ள. சொல்லியிருந்தா என்கிட்ட வந்து திட்டணும்ல? கட்டிக்கிட்ட பொண்டாட்டிதானே, ரெண்டு அடி கூட அடிச்சிருக்கலாம். ஒண்ணும் கேக்கல. சோறு போட்டா சாப்பிடுறார். காப்பி குடுத்தா குடிக்கிறார். போன வாரம் தூங்கிக்கிட்டு இருக்கிறப்ப அவர் கையைத் தொட்டேன். சும்மா, நரம்பு எப்படி இருக்குன்னு பாக்கத்தான். தூக்கத்துலயே கையை இழுத்து நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டார் தம்பி. நான் படிச்ச கை அது. எனக்கு அன்னிக்கு அழுகை கூட வரல. அவ்வளவு அலுத்துப் போச்சு.

சரி விடுங்க. உங்க முகம் தெளிஞ்சிடுச்சு. கையை நீட்டுங்க. இப்படி, தளர்த்தி விடுங்க. பட்டை இறுக்கும், அவ்வளவுதான். அந்த ஜன்னல் பக்கம் பாருங்க. எதிர்க்கடையில என்ன எழுதியிருக்கு, சத்தமா வாசிங்க பாப்போம். வாசிங்க, வாசிங்க.

ஆச்சு. பாத்தீங்களா, தெரிஞ்சுச்சா? ஒரே குத்து. இந்தப் பஞ்சை அழுத்திப் புடிச்சுக்குங்க, தேய்க்காதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க.

உங்களுக்கு டாக்டர் என்னென்ன எழுதியிருக்கார்... ஊதா ஒண்ணு, செவப்பு ஒண்ணு. உங்களுக்கும் பொட்டாசியம் போட்டிருக்கார். பேசிக்கிட்டே எடுத்ததுல கொஞ்சம் கம்மியாத்தான் வந்திருக்கு. ஊதாவுல கோட்டுக்கு மேலயே விழுந்துடுச்சு. செவப்புல அடியில மட்டும் நிக்குது. இது எப்பவும் நடக்கிறதுதான், ஒரு நிமிஷ வேலை. ஊதா மூடியைத் தொறந்து...

இல்ல, ஒண்ணும் இல்ல. மூடியைத் தொறந்துட்டுச் சும்மா நிக்கிறேன்.

மூடிட்டேன்.

அந்தப் புள்ள சொன்னதுக்காக இல்ல தம்பி. அது சொன்னதை நான் நம்பல. நீங்க இவ்வளவு நேரம் இந்தக் கதையைக் கேட்டுட்டீங்க, வீட்டுக்குப் போய் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். பயந்த ஆளுன்னு தெரியும். ஒரே குத்துன்னு சொன்னதும் நான்தான். இந்த நாற்காலியில உக்காந்த யாருகிட்டயும் நான் இதைக் கேட்டதில்ல.

அந்தக் கையைக் குடுங்க. இன்னொரு தடவை குத்திக்கட்டுமா?